நூற்று ஐம்பத்தோராவது ஆணி

மாலை ஆறு இருபது. சிவசங்கரி ஓடிக்கொண்டிருந்தாள்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டின் கடைசிச் சூளையைத் தாண்டினால் ஒரு மண் சாலை பிரியும். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. கார்த்திகை மாதத்து இருட்டு வேறு மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. வலது கால் செருப்பு எங்கோ அறுந்து விழுந்துவிட்டது. கையில் பூங்காவின் சாவிக்கொத்து. எட்டு வைக்கும்போதெல்லாம் தொடையில் இடித்து, ஜல்... ஜல்...

பத்து நிமிஷத்துக்கு முன்புதான் அதே சாவியால் பூங்கா கேட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு வந்திருந்தாள். அங்கே டீக்கடை வாசலில் வாட்ச்மேன் பாவாடை நின்றிருந்தார். பக்கத்தில் அவருடைய சைக்கிள். தினமும் அவர் முன்னால் கிளம்புவார். பின் கேரியரில் சிவசங்கரியின் ஏழு வயது மகள் தமிழினி உட்கார்ந்து வருவாள். இன்றைக்குக் கேரியர் காலி.

"மாமா... பாப்பா எங்க?"

பாவாடை டம்ளரை வாயிலிருந்து எடுத்தார். "உங்கூட வருதுன்னுல்ல நெனச்சேன்."

அவ்வளவுதான். அவள் ஓட ஆரம்பித்தாள். பின்னால் சைக்கிள் செயின் கடகடக்கும் சத்தம்...

"நிறுத்து, நிறுத்து" என்றான் சஹீர்.

ரியாஸ் நிறுத்தினான்.

மொட்டை மாடியில் மூன்று பேர் ஒரே பாயில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை. இன்வெர்ட்டரும் எட்டு மணிக்கே கைவிட்டுவிட்டது. சஹீர் ஷார்ஜாவிலிருந்து நாலு வருஷம் கழித்து லீவில் வந்திருந்தான். ரியாஸ் அவனுடைய மச்சான்; எஸ்டேட்டில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை. மூன்றாவது ஆள் ரியாஸின் தங்கை நாஜியா. எதையும் நம்பாதவள். ஆனால் பாயின் நடு இடத்தைப் பிடித்திருந்தாள்.

"எந்தப் பூங்காடா? நான் போறப்ப அப்டி ஒண்ணும் இல்லையே" என்றான் சஹீர்.

"களிமண் குழிப் பூங்கா. வந்து மூணு வருஷம் ஆவுது."

"அதுவா! நாளைக்குப் புள்ளைங்கள அங்கதான் கூட்டிட்டுப் போறதா இருந்தேன்."

"போயேன். காலையில ஆறு மணிக்குத் தொறப்பாங்க."

"அண்ணே, பொய் சொல்றதுன்னா ஊர் பேரையாவது மாத்திச் சொல்லு" என்றாள் நாஜியா. "சிவசங்கரி யாரு?"

"எங்கூட வேலை பாக்குற அறிவழகனோட அக்கா. பூங்கால டிக்கெட் குடுக்கிறவங்க. கேக்குறியா, இல்ல கீழ எறங்கிப் போறியா?"

கீழே போகும் மாடிப்படி இருட்டாக இருந்தது. நாஜியா போகவில்லை.

அந்த இடம் ஒரு காலத்தில் பீங்கானுக்குக் களிமண் வெட்டிய குழி. இருபதடி, முப்பதடி ஆழம். கூலியாட்கள் கூடையோடு இறங்கி, மண் சுமந்துகொண்டு ஏறுவார்கள். ஒரு மழைக்காலத்தில் கரை சரிந்தது. அதோடு வேலையை நிறுத்திவிட்டார்கள். குழியில் தண்ணீர் நின்றது. தண்ணீரைத் தேடி நாரை வந்தது, நீர்க்காகம் வந்தது. நாற்பது வருஷம் கழித்து, சுற்றிலும் வேலி போட்டு, ஒன்றரைக் கிலோமீட்டருக்கு நடைபாதை போட்டு, இயற்கைப் பூங்கா என்று போர்டு மாட்டினார்கள். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. செவ்வாய் விடுமுறை. பெரியவர்களுக்குப் பத்து ரூபாய், சிறுவர்களுக்கு ஐந்து. பாலிதீன் பை கூடாது. தண்ணீரில் இறங்கக் கூடாது.

செராமிக் ஊரின் பூங்கா அல்லவா? காகிதச் சீட்டு இல்லை. டிக்கெட் வாங்கினால் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, நூல் கோத்த ஒரு பீங்கான் டோக்கன் கொடுப்பார்கள். வெள்ளை நிறம். நீல எழுத்தில் நம்பர். ஒன்றிலிருந்து நூற்றைம்பது வரை. வெளியே போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். டிக்கெட் அறையில் ஒரு பலகை, அதில் நூற்றைம்பது ஆணி. ஒவ்வொரு டோக்கனும் அதனதன் ஆணிக்குத் திரும்பினால்தான் கேட்டைப் பூட்டலாம். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். பாவாடை விசில் ஊதிக்கொண்டே போய்த் தேடிக் கூட்டி வருவார்.

பலகை மட்டும் புதிது இல்லை. குழிக் காலத்துத் தேக்குப் பலகை. வீணாக்குவானேன் என்று பெயிண்ட் அடித்து மாட்டிவிட்டார்கள். பழைய ஆணிகளையெல்லாம் பிடுங்கினார்கள். மூலையில் ஒன்று மட்டும் துருப்பிடித்து வர மறுத்தது. அப்படியே விட்டுவிட்டார்கள்.

நூற்று ஐம்பத்தோராவது ஆணி. எப்போதும் காலி.

"இப்பப் புரியுதா?" என்றான் ரியாஸ். "அன்னிக்கு ஆறு மணிக்கு நூத்தைம்பதும் ரொம்பியிருந்துச்சு. அக்கா பலகையப் பாத்தாங்க, பூட்டினாங்க. ஆனா தமிழினிக்கு டோக்கன் கிடையாது. அது ஸ்டாஃப் வூட்டுப் புள்ளை. ஸ்கூல் விட்டா நேரா உள்ள போவும், வரும். அத எந்தக் கணக்குலயும் யாரும் சேக்கல..."

நாஜியா காலை இழுத்துப் பாய்க்குள் வைத்துக்கொண்டாள்.

கேட்டைத் திறந்ததும் சிவசங்கரி கத்தினாள். "பாப்பா... தமிழினி..."

பதில் இல்லை. தவளைகள்கூட இல்லை. மழைக்காலத்தில் அந்தக் குளத்தில் தவளைச் சத்தம் காதைக் கிழிக்கும். அன்றைக்கு யாரோ வாயைப் பொத்தியதுபோல இருந்தது.

பாவாடை டார்ச்சை எடுக்க டிக்கெட் அறைக்குள் போனார். போனவர் வரவில்லை. எட்டிப் பார்த்தாள். அவர் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காற்று இல்லை. நூற்றைம்பது டோக்கன்களும் அசையாமல் தொங்கின. மூலையிலிருந்த அந்தத் துருப்பிடித்த ஆணியிலிருந்து மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர்... டக்... கீழே மேஜையில்.

"ஒழுகுது போலருக்கு" என்றார். கூரை கான்கிரீட்.

இருவரும் நடைபாதையில் இறங்கினார்கள். முதல் வளைவு. பறவை பார்க்கும் கோபுரத்தின் மேல் டார்ச் அடித்தார்கள். யாருமில்லை. இரண்டாவது வளைவில் பாவாடை நின்றுவிட்டார்.

"ஏன் மாமா நின்னுட்டீங்க?"

"நீ போம்மா. நான் இங்கேருந்து லைட்டு காட்டுறேன்."

"அந்தப் பக்கம்தான் தண்ணிப் படிக்கட்டு இருக்குது! வாங்க மாமா!"

அவர் வரவில்லை. டார்ச்சை வலது கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தக் கையில் பெருவிரல் பாதிதான். வாலிபத்தில் மண் பிசையும் மிஷின் மேல் பாதியைத் தின்றுவிட்டிருந்தது.

"சங்கரி... இந்த எடத்துல வெச்சுச் சொல்லக் கூடாது. சொல்லாமலும் இருக்க முடியல" என்றார். "கரை சரிஞ்ச அன்னிக்கு நான்தான் இங்க டோக்கன் ஆளு. அப்பெல்லாம் தலைகீழ் வழக்கம். கூலிக்குச் சேந்த அன்னிக்கே பச்ச மண்ணுல பெருவெரல அமுக்கி, சூளையில போட்டு வேகவெச்சுக் குடுப்போம். அதான் டோக்கனு. எறங்கும்போது ஆணியில மாட்டணும். ஏறினதும் அவங்கவங்களே எடுத்து இடுப்புல சொருவிக்கணும். வேற ஆளு கை படக் கூடாது. ஆணியில தொங்கினா ஆளு கீழ இருக்குதுன்னு அர்த்தம்."

"மாமா, இப்ப எதுக்கு இது? புள்ளையக் காணோம்!"

"அன்னிக்கு எனக்குப் பெண்ணாடத்துல பொண்ணு பாக்கப் போவணும். ஆறு மணி பஸ்ஸு. பலகையப் பாத்தேன். காலி. விசில் ஊதிட்டுப் பூட்டிட்டேன். ராத்திரி கரை சரிஞ்சுது. காலையில அம்புஜவல்லின்னு ஒரு பொம்பளையக் காணோம். கரும்பு வெட்டுற பொம்பளை. வெட்டு இல்லாத காலத்துல மண் சொமக்க வரும். டோக்கன் மாட்டாமயே எறங்கியிருக்குது. பலகை காலியா இருந்தா யாரு தேடுவா? யாரும் தேடல..."

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

தப்... தப்... தப்...

தண்ணீர்ச் சத்தம் இல்லை. ஈர மண்ணை உருட்டி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தட்டும் சத்தம். எஸ்டேட்டில் வளர்ந்த யாருக்கும் தெரியும். கூடவே ஒரு வாசனை. மழை மண் வாசனை இல்லை. ரொம்ப ஆழத்தில், வெயில் படாத மண்ணை முதல்முறை வெட்டி எடுத்தால் வருமே, மூக்கைக் குளிரவைக்கும் ஒரு புளித்த வாசனை...

சிவசங்கரி டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

மூன்றாவது வளைவு. படிக்கட்டு. கடைசிக்கு முந்தின படியில் பள்ளிச் சீருடையோடு தமிழினி உட்கார்ந்திருந்தாள். கால் விரல் நுனியைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் படி நனைந்திருந்தது.

சத்தம் நின்றுவிட்டது.

"பாப்பா!" வாரி எடுத்தாள். பிள்ளையின் உடம்பு சூடாக இருந்தது. வலது கை மட்டும் ஐஸ்.

"ஏம்மா இவ்ளோ லேட்டு?" என்றது குழந்தை. அழவில்லை. "வழுக்கி வுழுந்துட்டேன்மா. தண்ணிக்குள்ள போயிட்டேன். அந்த அத்தைதான் கையப் புடிச்சு மேல ஒக்கார வெச்சாங்க."

"எந்த அத்தை?"

"இங்கதான் ஒக்காந்திருந்தாங்க. நீ டார்ச் அடிச்சதும் எறங்கிப் போயிட்டாங்க."

சிவசங்கரி டார்ச்சைத் தாழ்த்தினாள். படியில் ஈரப் பாதச் சுவடுகள். பெரியவர் பாதம். எல்லாமே தண்ணீரைப் பார்த்து இறங்கின. ஏறி வந்த சுவடு ஒன்றுகூட இல்லை.

தமிழினி மூடியிருந்த வலது கையைத் திறந்து காட்டினாள். உள்ளங்கையில் ஒரு பச்சை மண் வில்லை. நடுவில் ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. விரலுக்குக் குறுக்கே ஆழமான ஒரு வெட்டுத் தழும்பு.

"அத்தை செஞ்சு குடுத்தாங்கம்மா. எங்கிட்ட டோக்கன் இல்லன்னு சொன்னேன். டோக்கன் இல்லன்னா தேட வரமாட்டாங்க, இத வெச்சுக்கோ, தேடி வருவாங்கன்னாங்க."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்தாள். இரண்டாவது வளைவில் பாவாடை அதே இடத்தில் நின்றிருந்தார். குழந்தையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கையில் இருந்ததைப் பார்த்ததும்...

"அத எங்கிட்டக் குடு கண்ணு. தாத்தா தூரப் போட்டுடுறேன்."

தமிழினி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"மாட்டேன். யார்கிட்ட வேணா குடு, விசில் மாட்டியிருக்கிற ஆளுகிட்ட மட்டும் குடுக்காதன்னு அத்தை சொன்னாங்க."

பாவாடையின் கழுத்தில் விசில் தொங்கியது. அவர் நீட்டிய கை அப்படியே நின்றது.

கையை இழுத்துக்கொண்டார். எஸ்டேட்டிலிருந்து ஒரு ஆட்டோவைப் போன் பண்ணி வரவழைத்தார். சாவியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். "நீங்க வூட்டுக்குப் போங்கம்மா. பூட்டிட்டு வரேன்" என்றார். ஆட்டோ திரும்பும்போது சிவசங்கரி பார்த்தாள். அவர் கேட்டுக்கு வெளியே நிற்கவில்லை. உள்ளே நின்றார்.

"அப்பறம்?" என்றான் சஹீர்.

கீழேயிருந்து ஒரு குரல். "ரியாஸு! என்னடா மேல குசுகுசுன்னு? பொம்பளப் புள்ளைய பயமுறுத்துறியா?" ஜைத்தூன் பீவி. அவன் அம்மா.

"இல்லம்மா! கரண்ட் வந்ததும் வரோம்!"

"பொம்பளப் புள்ளையாம்" என்றாள் நாஜியா. "மச்சான்தான் எங் கையப் புடிச்சிட்டிருக்காரு." யாரும் சிரிக்கவில்லை. "சொல்லுண்ணே."

காலையில் ஐந்தே முக்காலுக்குச் சிவசங்கரி போனபோது கேட் திறந்து கிடந்தது. சைக்கிள் ஸ்டாண்டு போட்டபடி நின்றது. டிக்கெட் அறை நாற்காலியில் பாவாடையின் துணிப் பை. அதன் மேல் விசில், கயிற்றைச் சுற்றி ஒழுங்காக வைத்திருந்தது. தண்ணீர்ப் படிக்கட்டின் முதல் படியில் அவருடைய செருப்புகள், ஜோடியாக.

தீயணைப்பு வண்டி வந்தது. மூன்று நாள் குளத்தைக் கலக்கினார்கள். பாதாளக் கரண்டி போட்டார்கள். சேற்றைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆனால் முதல் நாள் காலை, யாரும் வருவதற்கு முன்பே, சிவசங்கரி பலகையைப் பார்த்திருந்தாள். நூற்றைம்பது வெள்ளை டோக்கன்களும் இருந்தன. மூலையில் அந்தத் துருப்பிடித்த ஆணி அன்றைக்குக் காலியாக இல்லை. புதிதாக ஒரு மண் வில்லை. சூளை காணாத பச்சை மண். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நடுவில் பதிந்திருந்த பெருவிரல்... பாதிதான்.

பழைய வழக்கப்படி, ஆணியில் தொங்கினால் ஆள் கீழே இருக்கிறார் என்று அர்த்தம்.

மாடியில் தண்ணீர் டேங்க் மூடியிலிருந்து எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. சஹீர் எழுந்துபோய் அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"இது நியாயமே இல்லண்ணே" என்றாள் நாஜியா. நம்பாதவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தம்மா டோக்கன் மாட்டல. பலகை காலி. அவரு பாத்துட்டுத்தான பூட்டினாரு? சிவசங்கரி அக்கா கூடத்தான் புள்ளைய உள்ள வெச்சுப் பூட்டினாங்க. அவங்கள வுட்டுட்டு அந்த மனுசன எதுக்கு இழுக்கணும்? பேய்க்கும் ஒரு காரணம் வேணாம்?"

ரியாஸ் பாயின் ஓரத்தில் பிரிந்த கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"அதுவும் இதெல்லாம் நீ பாத்தியா? எல்லாம் அறிவழகன் சொன்னது."

"ஒண்ணு பாத்தேன்" என்றான் ரியாஸ்.

அவன் குரல் மாறியிருந்தது. கதை சொல்லும் குரல் இல்லை.

"போன வாரம் சாப்பாட்டு நேரத்துல அறிவழகன் ஒரு பொட்டலம் கொண்டாந்தான். ரெண்டு டோக்கன். ஒண்ணு தமிழினி கையில இருந்தது. பன்னெண்டு நாள் ஆச்சு, இன்னும் காயல. நம்ம பட்டறை மண்ணு ஃபேன் காத்துல ரெண்டே நாள்ல காஞ்சுடும். இது சொட்டுது. இன்னொண்ணு சூளையில வெந்த பழைய டோக்கன். அதுலயும் ஒரு பெருவெரல். அதே குறுக்கு வெட்டு. அருவா வெட்டு. ஆனா வெரல் சின்னதா இருக்குதே, வேற ஆளுதுதானேன்னு கேட்டான். பாவம், அவன் கலர் அடிக்கிற செக்ஷன். எனக்குத்தான் தெரியும், மண்ணு வெந்தா சுருங்கும். பத்துல ஒரு பங்கு. மெஷர்மென்ட் எடுத்தேன். ஈரத்துல இருபத்திரெண்டு மில்லி. வெந்ததுல இருபதுக்கு ஒரு மயிரிழை கம்மி."

"அப்டின்னா?"

"ரெண்டும் ஒரே வெரல்."

சஹீர் மெதுவாகக் கேட்டான். "அந்தப் பழைய டோக்கன்... எங்க கெடச்சுது?"

தூரத்தில் ஜங்ஷனில் ஒரு கூட்ஸ் வண்டி நின்று கிளம்பும் சத்தம். ரியாஸ் அது ஓயும்வரை காத்திருந்தான்.

"அக்கா போலீஸுக்குச் சொல்லல. தம்பிகிட்ட மட்டும் சொல்லியிருக்காங்க. பாவாடையோட துணிப் பையில, வெத்தலச் சுருக்குக்குள்ள, மஞ்சத் துணியில சுத்தி இருந்துச்சாம். நாப்பது வருஷமா. நூலு கூட அப்டியே இருக்குது. அதுல ஆணித் துரு."

இந்தத் தடவை நாஜியாதான் சஹீரின் கையைப் பிடித்தாள்.

"அம்புஜவல்லி அன்னிக்கு டோக்கன் மாட்டிட்டுத்தான் எறங்கியிருக்குது."